அன்ன வாகனத்தில் பால் டின்

நாகலிங்கம் கப்பலை விட்டு இறங்கிய நாள் முதல் சட்டநாதனுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அதற்கு முன்னால் சிங்கப்பூரில் நாயனம் என்றால் சட்டநாதன்தான். சிரங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், தகரக் கூரை போட்ட சின்ன அம்மன் கோயிலில் பூசைக்கு அவர்தான். கல்யாணத்துக்கும் அவர்தான், காது குத்துக்கும் அவர்தான். வேறு ஆள் இல்லை என்பதால் அவர்தான் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களை அவர் மனதில் குறித்து வைத்துக்கொள்வார். அவர்கள் வீட்டு விசேஷத்தில், நாயனத்தில் செருகி ஊதுகிற சீவாளி சரியில்லை என்று பாதியில் எழுந்துவிடுவார்.

இந்த நிம்மதியில்தான் நாகலிங்கம் வந்து விழுந்தான். திருவாரூர்ப் பக்கம். முப்பது வயதுகூட நிரம்பாதவன். காதில் சிவப்புக் கடுக்கன், சிரித்தால் கன்னத்தில் குழி. நாயனத்தை ஊதும்போது மற்றவர்களுக்குக் கன்னம் உப்பிக் கண் பிதுங்கும். இந்தப் படுபாவிக்கு அப்போதுகூட முகம் கோணாது. கோயில் தலைவர் அவனைச் சட்டநாதனுக்குப் பக்கத்தில் இரண்டாம் நாயனமாக நிறுத்தினார்.

"உங்களுக்கும் வயசாகுது. ஒத்தாசையா இருக்கும்ல," என்றார் தலைவர்.

ஒத்தாசையாம்! சட்டநாதன் ராகத்தை விரித்து வாசித்து முடிப்பார். கூட்டம் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும். அதே ராகத்தை நாகலிங்கம் ஒரு பிடி பிடிப்பான். வெற்றிலை மென்ற வாய்கள் அப்படியே நிற்கும். கூட்டத்தைக்கூட மன்னித்துவிடலாம். தவில்காரன் பாலகிருஷ்ணனை மன்னிக்க முடியவில்லை. சட்டநாதன் வாசிக்கும்போது அவன் கை மட்டும் தவிலில் இருக்கும், கண் தெருவில் போகிற ரிக்‌ஷாவை எண்ணிக்கொண்டிருக்கும். நாகலிங்கம் எடுத்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்வான். முகம் மலரும். அந்த மலர்ச்சியைச் சட்டநாதன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. ஒரு நாள் அவர் மனைவி இரஞ்சிதம் அம்மியில் அரைத்தபடி ஏதோ ராகத்தை முணுமுணுத்தாள்.

"அது எங்க கேட்டது?"

"கோயில்லதான்."

"கோயில்ல ரெண்டு பேரு வாசிக்கிறோம். யாரு வாசிச்சது?"

இரஞ்சிதம் அம்மிக்குழவியை நிறுத்தினாள். மறுபடி அரைக்கத் தொடங்கியபோது முணுமுணுப்பு இல்லை. அந்த மௌனம் அவரை இன்னும் அதிகமாகக் குத்தியது.

அடுத்த மாதம் திருவிழா. அம்மன் அன்ன வாகனத்தில் புறப்பாடு. வெள்ளை வெளேரென்ற மர அன்னத்தின் முதுகில் அம்மன் உட்கார்ந்து கோயில் வாசலைத் தாண்டும்போது மல்லாரி வாசிக்க வேண்டும். மல்லாரி பாட்டு இல்லை, அதற்கு வார்த்தை கிடையாது. சாமி தெருவுக்குப் புறப்படுகிற நேரத்துக்கென்றே உள்ள வாசிப்பு அது. கல்யாணத்தில் அதைத் தொடமாட்டார்கள். சட்டநாதனின் தகப்பனார், பிள்ளை பழகும்போதுகூட அதை நாயனத்தில் ஊத விடவில்லை. வாயால் சொல்லித்தான் பாடம் செய்ய வைத்தார். அது காதில் விழுந்தால் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியதில்லை. சாமி வருகிறது. அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டோடு வாசலுக்கு ஓட வேண்டியதுதான்.

இத்தனை வருஷமும் அந்த மல்லாரி சட்டநாதனுடையது. பௌர்ணமிப் புறப்பாட்டுக்கும் அவர்தான், திருவிழாவுக்கும் அவர்தான். இந்த வருஷம் தலைவர் பிடி கொடுக்கவில்லை. "பார்க்கலாம்" என்கிறார். பார்க்க என்ன இருக்கிறது? அந்த ஒன்று போய்விட்டால் இந்தத் தீவில் தான் யார் என்று சட்டநாதனுக்கே தெரியாது.

இப்படி அவர் வெந்துகொண்டிருந்த ஒரு மாலையில் ஏரம்பமூர்த்தி கிராணி குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். டின்பால் விற்கிற வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா. நெற்றியில் மூன்று பட்டை விபூதி, அதற்குக் கீழே தங்க பிரேம் கண்ணாடி. அந்தக் கம்பெனியின் டின்னில் அன்னப்பறவைப் படம் போட்டிருக்கும். சனங்கள் 'அன்னம் மார்க்' என்பார்கள்.

"கேளும் சட்டநாதன்," என்றார். "கடற்கரைத் திடலிலை கம்பெனி பெரிய பொருட்காட்சி வைக்குது. ஒவ்வொரு சாதிச் சனத்தின்டை ஆட்டம் பாட்டமும் இருக்கும். அதுக்கு முன்னாலை ஊர்வலம். மரத்திலை ஒரு பெரிய அன்னம் செய்து, அதுக்கு மேலை ஆள் உயரத்துக்கு ஒரு பால் டின் வைச்சு, சிரங்கூன் ரோட்டாலை கொண்டு போகப் போறம். ஊர்வலத்துக்கும் காட்சிக்கும் நாயனம் வேணும்."

சட்டநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அதுக்கென்ன ஐயா, வாசிச்சுட்டாப் போச்சு. நல்ல கீர்த்தனையா..."

"கீர்த்தனை இல்லை." கிராணி குடையின் நுனியைப் பார்த்தார். "எங்கடை கம்பெனித் துரை போன மாசம் வண்டியிலை வந்துகொண்டிருக்க உங்கடை சாமி ஊர்வலம் வழியை மறிச்சுப்போட்டுது. நாயனச் சத்தம் கேட்ட உடனை சந்து பொந்திலை இருந்தெல்லாம் சனம் ஓடி வந்ததை அவர் பாத்திட்டார். அந்தச் சனம் தனக்கும் வேணுமாம். அந்த மெட்டைத்தான் வாசிக்க வேணும் எண்டு நிக்கிறார்."

"மல்லாரியா?"

"பேர் எனக்குத் தெரியாது," என்றார் கிராணி. மூன்று பட்டை விபூதிக்காரருக்குத் தெரியாதாம்! தெரிந்ததனால்தான் குடை நுனியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "முதல்லை நாகலிங்கத்தைத்தான் கேட்டனான். அது அம்மன்டை சொத்து, என்டை இல்லை, வேறை எதைக் கேட்டாலும் வாசிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டான்."

சட்டநாதனுக்கு அந்த மறுப்பு காதில் ஏறவில்லை. வேறொன்று ஏறியது. போன மாதம் பௌர்ணமிப் புறப்பாட்டில் மல்லாரி வாசித்தது அவர். துரை கேட்டது அவர் வாசிப்பு. ஓடி வந்த சனம் அவர் நாயனத்துக்கு ஓடி வந்த சனம். அப்படி இருக்க, ஆள் போனது நாகலிங்கத்திடம்.

"அவனை எதுக்கு முதல்ல கேட்டீங்க? அன்னிக்கு வாசிச்சது நானாச்சே."

கிராணி தர்மசங்கடமாக நெளிந்தார். "துரை படம் பிடிக்கப் போறார். வடிவான ஆளாப் பார் எண்டவர்."

சட்டநாதன் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். வாசலில் நடந்த பேச்செல்லாம் இரஞ்சிதத்தின் காதில் விழுந்திருந்தது.

"வேணாங்க," என்றாள் மெல்ல. "அந்தத் தம்பியே மாட்டேன்னுட்டாராமே."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் யோசித்திருப்பார். அந்தத் தம்பியே! பெரிய யோக்கியன், அவன் மாட்டேன் என்றுவிட்டால் உலகமே மாட்டேன் என்றாக வேண்டும். நாளைக்கு இதையும் சந்தெல்லாம் பேசுவார்கள். வாசித்தாலும் அவனுக்குப் பெயர், வாசிக்காவிட்டாலும் அவனுக்குப் பெயர். சட்டநாதன் வாசலுக்கு வந்தார்.

"எந்த நாளு ஐயா?" என்று கேட்டார்.

மனதுக்கு அவர் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். அம்மனை நினைத்துக்கொண்டுதானே வாசிக்கப் போகிறேன். வாசிப்பு அவளுக்கு, வண்டி கம்பெனிக்கு. ஊரே திரண்டு தன் பின்னால் வருவதைத் தலைவர் கண்ணால் பார்க்கட்டும், அப்புறம் அன்ன வாகனத்துக்கு முன்னால் வேறொருவனை நிறுத்த அவருக்கு மனம் வருமா? கம்பெனி ஊர்வலத்தில் வாசித்தால் திருவிழா மல்லாரி தனக்கே நிற்கும் என்பது அவர் கணக்கு. பொறாமைக்காரன் போடுகிற கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஊர்வலம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சீனத் தச்சர்கள் அந்த அன்னத்தை அம்சமாகச் செய்திருந்தார்கள். கழுத்து வளைவும் மூக்கும் கோயில் வாகனத்தைப் பார்த்து உரித்து வைத்த மாதிரி இருந்தன. அதன் முதுகில் நின்ற பால் டின்னைச் சிவப்புப் பட்டால் மூடியிருந்தார்கள், திடலுக்குப் போனதும் துரை பட்டை விலக்குவார் என்று ஏற்பாடு. பட்டுக்கு மேலே மாலைகள். வண்டியில் நல்ல காளைகள் பூட்டியிருந்தார்கள். பின்னால் துரை மோட்டாரில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் படக்காரர்.

பாலகிருஷ்ணனிடம் சட்டநாதன் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. "சும்மா ஊர்வலம்தான், வாடா" என்று கூட்டி வந்திருந்தார். சிரங்கூன் ரோட்டின் தேக்கா முனையில் வண்டி நகர்ந்ததும் அவர் நாயனத்தை உதட்டில் வைத்தார். கண்ணை மூடி "தாயே" என்றார். மல்லாரியை எடுத்தார். பாலகிருஷ்ணனின் தலை வெடுக்கென்று திரும்பியது.

"அண்ணே, என்ன இது!"

அவன் வாய்தான் கேட்டது. கைக்குப் பழக்கம்; அது தானாகத் தவிலில் விழுந்து மல்லாரியோடு சேர்ந்துகொண்டது.

சனம் வந்தது. சந்துகளிலிருந்தும் மாட்டுக் கொட்டகைகளிலிருந்தும் கால்வாய் ஓரத்துக் குடிசைகளிலிருந்தும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது. சலவைக்காரர்கள் ஈரக் கையோடு வந்தார்கள். கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். திருவிழா அடுத்த மாதம் அல்லவா என்று யாரோ கேட்டார்கள்; வெள்ளிக்கிழமை அல்லவா, யாரோ வேண்டுதல் வைத்து அம்மனைப் புறப்பட வைத்திருக்கிறார்கள் என்று யாரோ பதில் சொன்னார்கள். தூரத்தில் வெள்ளை அன்னம், மாலை, சிவப்புப் பட்டு. முன்னால் மல்லாரி. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள்.

கோப்பிக்கடை வாசலில் நாகலிங்கம் நின்றிருந்தான். அவன் மட்டும் கும்பிடவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கண்டதும் சட்டநாதனுக்கு எங்கிருந்தோ புது மூச்சு வந்தது. பாரடா, இந்தக் கூட்டத்தை உன் ஆயுசில் பார்த்திருக்கிறாயா? அவர் அதுவரை வாசித்திராத வாசிப்பு வாசித்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு அவர் வாசிப்பில் குற்றமே இல்லை.

பால்காரி லட்சுமி கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள். புருஷன் போன பிறகு சில பசுக்களை வைத்துப் பிழைக்கிறவள். சட்டநாதன் வீட்டுக்கும் அவள்தான் பால். போன வாரம் அவளுடைய செவலைப் பசு கன்று போட முடியாமல் இரண்டு நாள் கிடந்தது. பிழைத்தால் அம்மன் புறப்படும்போது ஒரு குடம் பால் ஊற்றுகிறேன் என்று நேர்ந்திருந்தாள். பசுவும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. நேர்ந்த கடனை வாங்கிக்கொள்ள அம்மன் திருவிழாவரைக்கும்கூடக் காத்திருக்காமல் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாளே என்று, கறந்த பாலை நுரையோடு குடத்தில் எடுத்துக்கொண்டு, தலைமுடியைக்கூட முடியாமல் வந்தாள். வண்டி நின்றது. "அம்மா, என் தாயே" என்று அழுதபடி குடத்தைச் சாய்த்து அன்னத்தின் காலில் பாலை ஊற்றினாள்.

அந்த நேரத்தில் துரை, திடல் வரைக்கும் பொறுக்காமல், மோட்டாரில் எழுந்து நின்று கையைக் காட்டினார். வண்டியில் இருந்த ஆள் பட்டைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்தான். பட்டு நழுவியது. படம் பிடிக்கப் படக்காரர் கொளுத்திய மருந்து வெளிச்சம் பளீரென்று அடித்தது.

உள்ளே பால் டின் நின்றது. அன்னம் மார்க்.

தவில் நின்றுவிட்டது. பாலகிருஷ்ணன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு லட்சுமியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டநாதனும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தனியாக, தாளம் இல்லாமல், வாசித்துக்கொண்டே இருந்தார். கூட்டம் அத்தனை பெரிது, அதைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

லட்சுமி காலிக் குடத்தோடு நின்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் கொட்டகைக்குத் திரும்பிப் போனாள்.

பொருட்காட்சி ஒரு வாரம் நடந்தது. திடலில் கயிறு கட்டிய ஒரு சதுரத்துக்குள் சட்டநாதனுக்கு ஒரு முக்காலி. பக்கத்துச் சதுரத்தில் பாய் பின்னுகிற மலாய்க்காரி, அதற்கு அடுத்ததில் இறகுத் தொப்பி வைத்துக்கொண்டு ஊதுகுழலோடு ஒரு போர்னியோக்காரர். எல்லோர் தலைக்கு மேலும் அன்னம் மார்க் தோரணம். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ராகத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி அவர் கன்னம் உப்புவதைப் பார்த்துக் கலகலவென்று சிரித்து, மறுபடி உப்பச் சொல்லி கிராணி மூலமாகக் கேட்டாள். அவர் உப்பினார். அவள் குடைக் கம்பியால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

இதற்கு அவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் போர்னியோக்காரரைச் சுற்றித் தன்னைவிடக் கூட்டம் அதிகமாக நிற்பதையும் அவர் கவனித்தார். நாலு இறகை வைத்துக்கொண்டு பெரிய வித்வான் மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று கருவினார். அந்த மனிதரோ மாலையானால் கயிற்றைத் தாண்டி வந்து, ஒரு வார்த்தையும் புரியாமல், சட்டநாதனோடு வெற்றிலை மாற்றிக்கொள்வார்.

கடைசி நாளுக்குள் சுவரொட்டி வந்துவிட்டது. துறைமுகத்திலிருந்து சிரங்கூன் ரோடு வரைக்கும் சுவருக்குச் சுவர் ஒட்டினார்கள். படத்தில் நடுவில் பால் டின். காலடியில் தலைவிரி கோலமாக, அழுத முகத்தோடு, குடத்தைச் சாய்க்கிற லட்சுமி. ஓரத்தில் உப்பிய கன்னத்தோடு சட்டநாதன். கீழே இங்கிலீஷ். சட்டநாதன் கிராணியைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

"என்னன்னு போட்டிருக்கு ஐயா?"

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தியர்கள் தெய்வமாகக் கும்பிடும் பால் எண்டு."

"இதை எழுதினது யாரு?"

"துரை சொன்னார், நான் எழுதினன்," என்று கிராணி சொல்லிவிட்டு வந்த டிராமில் அவசரமாக ஏறிக்கொண்டார்.

அதில் ஒன்றை லட்சுமியின் கொட்டகைச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். அவள் சுரண்டிப் பார்த்தாள், பசை கெட்டி, குடம் சாய்க்கிற கை மட்டும் கிழியாமல் நின்றது. வாடிக்கை வீடுகளில் கேலி பேச ஆரம்பித்தார்கள். "நீயே டின்பாலைக் கும்பிடுற, நாங்க குடிச்சா என்ன?" என்றார்கள். ஒவ்வொரு வீடாக அவள் பாலை நிறுத்தினார்கள். செவலையின் கன்றை விற்றுவிட்டாள் என்று இரஞ்சிதம் ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சோற்றைப் பார்த்துச் சொன்னாள்.

கோயில் தலைவர் அழைத்தனுப்பினார். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனார் சட்டநாதன். தலைவர் கத்தவில்லை.

"சட்டநாதா, நீ இனிமே இங்க வாசிக்க வேணாம்," என்றார். அவ்வளவுதான்.

அங்கே நாகலிங்கமும் இருந்தான். எழுந்து நின்று தோள்துண்டை இடுப்பில் கட்டினான். "ஐயா, அண்ணனை விட்டுடாதீங்க," என்றான். "அவரு என்கூட நிக்கட்டும். ரெண்டாவதா வாசிக்கட்டும். நான் பார்த்துக்கிறேன்."

போகச் சொன்னதுகூட அவ்வளவு சுடவில்லை. இது சுட்டது. நான் பார்த்துக்கிறேனாம்! நேற்று வந்தவன் எனக்குப் பிச்சை போடுகிறான், அதையும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாகப் போடுகிறான். "உன் தயவு எனக்கு வேணாம்டா" என்று கத்திவிட்டு வெளியே வந்தார்.

திருவிழா வந்தது. விளக்கு வைக்கிற நேரம். வீட்டில் இருக்க முடியாமல் சட்டநாதன் சந்து முனைக் கோப்பிக்கடைத் தூணில் சாய்ந்து நின்றார். கை பழக்கத்தில் சீவாளியைத் தேடி இடுப்பைத் தடவியது. உள்ளே மணி அடித்தது. அன்ன வாகனம் வாசலைத் தாண்டியது. நாகலிங்கம் மல்லாரியை எடுத்தான்.

எப்படி வாசித்தான் என்று கேட்டால், சட்டநாதன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. இவன் இப்படி வாசிப்பான் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும், அதனால்தானே இவ்வளவும். பாலகிருஷ்ணனின் தவில் அந்த வாசிப்போடு கைகோத்து நடந்தது. இப்போது வரும் சனம், என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு வந்ததைவிட அதிகமாகவே வரும்.

சனம் வரவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். கோயிலுக்குள்ளிருந்து கூட வந்தவர்கள்தான் வாகனத்தின் பின்னால் இருந்தார்கள். சந்தின் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன, வாசலில் ஒருவரும் இல்லை. மல்லாரி கேட்டும் ஒருவரும் ஓடி வரவில்லை. சட்டநாதனின் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று ஒரு சந்தோஷம் பரவியது. இத்தனை மாதத்தில் அவர் கண்ட முதல் சந்தோஷம். எனக்கு ரோடு கொள்ளாத கூட்டம். உனக்கு ஒரு ஆள் வரவில்லை. பார்த்தாயாடா!

தலைக்கு மேலே ஒரு மாடி ஜன்னலில் பெண்குரல் கேட்டது. "அவசரப்பட்டு எறங்காதடி. மொதல்ல எட்டிப் பாரு, சாமியா டின்னான்னு."

அந்தச் சந்தோஷம் அப்படியே செத்தது. அவர் ஜன்னல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், கழுத்தை நீட்டி, வாகனத்தின் மேல் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. கற்பூரத் தட்டு இல்லை, கையில் பூ இல்லை. நாகலிங்கத்தின் மூச்சில் எந்தக் குறையும் இல்லை. குறை மல்லாரியில் விழுந்திருந்தது. விழ வைத்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

சட்டநாதன் தெருவில் இறங்கினார். வாகனத்துக்கு முன்னால், நாகலிங்கத்துக்கும் முன்னால், ஓடினார். "அம்மாதான் வர்றா!" என்று கத்தினார். "நிசமா அம்மாதான்! தட்டு எடுத்துட்டு வாங்க! எறங்கி வாங்க!" கன்னத்தில் கண்ணீரா வியர்வையா என்று அவருக்கே தெரியவில்லை. சிலர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். குடித்திருக்கிறார் என்றார் ஒருவர்.

லட்சுமி கொட்டகை வாசலில் வெறும் கையோடு நின்றாள்.

"லட்சுமி, அம்மா வர்றா. பாலு எடுத்துட்டு வா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னிக்கும் நீங்கதானே சொன்னீங்க."

"நான் வாயத் தெறந்து ஒண்ணும் சொல்லலியே தாயி..."

"வாயால சொன்னா நம்பியிருக்க மாட்டேன். நாயனத்தால சொன்னீங்க." அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "வரட்டும். கண்ணால பார்த்துக்கிறேன்."

அவர் மெல்லப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். மல்லாரி நெருங்கி வந்தது. அன்னத்தின் கழுத்து தெரிந்தது. மாலைகள் தெரிந்தன. லட்சுமி கண்ணைச் சுருக்கி, சுருக்கிப் பார்த்தாள். வாகனம் கொட்டகைக்கு நேரே வந்த பிறகுதான், தீவட்டி வெளிச்சத்தில், மூக்குத்தியும் முகமும் தெரிந்தன.

"ஐயோ, என் தாயே!" என்று அலறிக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். குடம் உருளுகிற சத்தம் கேட்டது. பசுவை விலக்குகிற சத்தம் கேட்டது. அவள் பாலோடு வெளியே வந்தபோது வாகனம் தாண்டிப் போய் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அன்னத்தின் வால் மட்டும் தெரிந்தது.

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பால் தளும்பிச் சேலையில் கொட்டக் கொட்ட, வாகனத்தின் பின்னால் ஓடினாள். சட்டநாதன் அவளுக்கு முன்னால் ஓடினார். கையை ஆட்டி, "நிறுத்துங்க! கொஞ்சம் நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நாகலிங்கத்தின் நாயனச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.